தட்டுகளுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குத் திருஷ்டி படுமா?

படாது என்று உடனே சொல்லத்தான் ஆசை. நான் உயிர்வேதியியல் படித்தவள். ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்கிறேன். இப்படிப்பட்ட கேள்வியை யாராவது கேட்டால் சிரித்துவிட்டு நகர வேண்டியவள். ஆனால் போன வசந்தத்துக்குப் பிறகு எனக்கு அது முடிவதில்லை.

தட்டு என்றால் சாப்பிடும் தட்டு இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூடியோடு, உள்ளே வரிசையாகக் குழிகளோடு இருக்கும். குழிப்பணியாரச் சட்டியைத் தெளிவான பிளாஸ்டிக்கில் செய்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழிகளில் செல்களை வளர்ப்போம். எப்போதோ ஓர் எலியின் கணையத்திலிருந்து எடுத்து, ஆய்வகம் ஆய்வகமாகப் பிழைத்து வருகிற செல்கள். சர்க்கரை வந்தால் இன்சுலினை வெளியே விட வேண்டும். அவற்றின் பிழைப்பே அதுதான்.

நான் ஆராய்வது கொழுப்பைச் சுமக்கும் புரதங்களை. ரத்தத்தில் கொழுப்பு தனியாகப் போகாது, தண்ணீரில் விட்ட எண்ணெய்போல ஒதுங்கிவிடும். புரதங்கள்தாம் அதை மூட்டை கட்டித் தூக்கிப் போகின்றன. ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்.டி.எல்., எச்.டி.எல். என்று பார்த்திருப்பீர்கள். அவை அந்த மூட்டைகளின் பெயர்கள். எல்.டி.எல். கொழுப்பைக் கொண்டுவந்து இறக்கும். எச்.டி.எல். மிஞ்சியதைத் திரும்ப எடுத்துப் போகும். எச்.டி.எல். குறைவாக இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் வருகிறது என்பது வெகுநாளாகத் தெரிந்த செய்தி. ஆனால் அது காரணமா, இல்லை சும்மா கூட வருகிறதா? அங்கேதான் என் ஆராய்ச்சி நிற்கிறது.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் படிப்பாக இருந்த காலமும் உண்டு. கர்ப்பமானபோது எனக்கே சர்க்கரை ஏறியது. விரலைக் குத்திக் குத்திப் பார்த்தேன். கூடவே எடுத்த பரிசோதனையில் என் எச்.டி.எல். குறைவு என்று வந்தது. மகள் பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது. "பிற்காலத்தில் திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம், தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் மருத்துவர். அப்படிச் சொன்னால் எனக்கு 'வரலாம்' மட்டும்தான் காதில் நிற்கும். ஆகவே அந்தச் செல்களிடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது என்னைப் பற்றியும்தான்.

மகளுக்கு ஒரு வயதானதும் அரைநாள் வேலைக்குத் திரும்பினேன். விடுப்புக்கு முன் எனக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்திருந்தது: கொழுப்பும் சர்க்கரையும் அளவுக்கு மீறிக் கொடுத்துக் களைக்க வைத்த செல்கள், எச்.டி.எல். சேர்த்ததும் மறுபடி ஒழுங்காக இன்சுலின் விட்டன. அது மீண்டும் வர வேண்டும். ஒருமுறை வந்ததை நம்பி யாரும் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுத முடியாது. திரும்பி வந்து செய்த முதல் முயற்சியில் தட்டுகளில் பூஞ்சை பிடித்தது. என் கையிலிருந்து வந்ததா, மகளின் கஞ்சி ஒட்டிய ஸ்வெட்டரிலிருந்தா என்று பல நாள் யோசித்தேன். அடுத்த முயற்சியில் எச்.டி.எல்.லே கெட்டுப்போனது. பேராசிரியர் அன்பாகத்தான் சொன்னார்: இன்னும் ஒரு முறை செய்து பாருங்கள், வரவில்லை என்றால் இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு மற்றதை வைத்து முடிக்கலாம். 'மற்றது' ஒழுங்கான, சலிப்பான ஓர் அத்தியாயம். எனக்கு வேண்டியது இதுதான்.

மகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டிலேயே ஐந்து குழந்தைகள்வரை பார்த்துக்கொள்ள அனுமதி பெற்றவர். இங்கே டாகெஸ்முட்டர் என்பார்கள். ஐந்தில் தமிழ்க் குழந்தை என் மகள் மட்டும். மற்றவர்களில் இரண்டு பேர் வைக்கோல் நிற முடியோடு இருக்கும் ஜெர்மன் இரட்டையர். நான் தஞ்சாவூர்ப் பக்கம். அக்கா பேசுவதில் பாதி முதலில் எனக்குப் புரியாது, நான் பேசுவது சினிமா வசனம்போல இருக்கிறதென்று அவர் சிரிப்பார்.

"வாரும் பிள்ளை. ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுதுக்கா. இன்னிக்கு விடலாமா வேண்டாமான்னு தெரியல. லேசாதான். ஆனா மத்த குழந்தைங்களுக்கு..."

"இஞ்சை எல்லாத்துக்கும் மூக்கு ஓடுது. எனக்கும் ஓடுது. விட்டிட்டுப் போம். உம்மடை மற்றப் பிள்ளையள் என்ன மாதிரி?"

மற்றப் பிள்ளைகள் என்று அவர் சொல்வது என் செல்களை.

ஒருநாள் அவருக்கு அதை விளக்க வேண்டியிருந்தது. "சீனியைக் கண்டா இன்சுலினை விடவேண்டியதுதானே, அதுகளுக்கு என்ன நோகுது?" என்று கேட்டார். அவருடைய கட்டடத்தின் மாடிப்படி அடியைக் காட்டினேன். எப்போது பார்த்தாலும் அங்கே குழந்தை வண்டிகள், சைக்கிள், கோடையிலும் ஒரு பனிச்சறுக்கு வண்டி. வழியை மறிக்காதீர்கள் என்று நிர்வாகத்தின் அறிவிப்பு அதற்கு மேலேயே தொங்கும்.

"இதான்க்கா நிலைமை. உள்ள இன்சுலின் ரெடியா இருக்கு. செல்லோட சுவர்ல கொழுப்பு அடைஞ்சு கிடக்குறதால வெளிய வர முடியல. எச்.டி.எல். வந்து ஒவ்வொரு வண்டியா கீழ கொண்டுபோய் வச்சா வழி கிடைக்கும். அப்படித்தான் நாங்க நினைக்கிறோம். உறுதியாத் தெரியாது."

அக்கா அண்ணாந்து மாடிப்படியைப் பார்த்தார். "அப்ப எங்கடை மூண்டாம் மாடி அண்ணைதான் எச்.டி.எல்."

மூன்றாம் மாடியில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன்காரர். யாரும் கேட்காமலே வண்டிகளை நிலவறைக்கு இறக்கி வைப்பவர்.

"புறுபுறுத்துக்கொண்டுதான் செய்வார். ஆனா அவர் ஊருக்குப் போனா இந்தக் கட்டடத்திலை ஒருத்தரும் வெளியிலை போக ஏலாது" என்றார் அக்கா.

அன்றிலிருந்து எங்கள் பேச்சில் எச்.டி.எல்.லுக்குப் பெயர் மூன்றாம் மாடி அண்ணை.

இனித் தட்டு. அந்தக் கடைசி முயற்சிக்காக ஆறு தட்டுகளில் செல்களைப் போட்டிருந்தேன். மூன்றுக்கு எச்.டி.எல்., மூன்றுக்கு வெறும் உப்பு நீர். எதற்கு எது என்று எனக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் ஒருதலையாகப் பார்க்கும். ஆகவே அதைச் சேர்ப்பது எங்கள் ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளரான ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். பாராட்டியும் நான் கேட்டதில்லை.

எச்.டி.எல். சேர்ப்பதற்கு முந்தைய வாரம், ஒரு வியாழக்கிழமை, தட்டுகளில் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கே வா. இதைப் பார். எத்தனை அழகு. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தட்டை நான் பார்த்ததே இல்லை."

ஜெர்மனில்தான் சொன்னார். என் காதுக்கு அது தமிழில் கேட்டது. மகளைப் பார்த்து டிராமில் யாராவது "என்ன கண்கள்" என்று சொல்லும்போது, கண் பட்டுவிடுமோ என்று வருகிற அதே பயம். அவர் அடுத்த அறைக்குப் போனார். என் கையில் தட்டுகளுக்கு எண் எழுதுகிற கறுப்பு மார்க்கர் இருந்தது. அந்த அழகான தட்டின் மூடியில், ஓரமாக, குழிகள் மேல் படாத இடத்தில், ஒரு புள்ளி வைத்தேன். மிளகு அளவுதான். தட்டை, செல்களை இளஞ்சூட்டில் காக்கும் இன்குபேட்டருக்குள் திருப்பி வைத்து, கதவைச் சாத்திவிட்டு மகளைக் கூப்பிடப் போய்விட்டேன். வழி முழுக்க எனக்கு நல்ல சந்தோஷம்.

சாயங்காலம் மகளுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான் கை நின்றது. ஆறில் ஒரு தட்டை மட்டும் வேறு மாதிரி நடத்தியிருக்கிறேன். மார்க்கர் மையில் கரைப்பான் இருக்கிறது, மூக்கில் ஏறுகிற அந்த வாசனை. அது மூடியைத் தாண்டி உள்ளே போகுமா? போனால் அந்தச் செல்களுக்கு என்ன ஆகும்? கடைசியில் முடிவு நன்றாக வந்தாலும், அந்தத் தட்டை எப்படி நம்புவது?

கணவரிடம் சொன்னேன். அவர் மென்பொருள்காரர், வீட்டிலிருந்தே வேலை.

"எதுக்கு டாட் வச்ச?"

"பாராட்டிட்டாங்க."

"யாரை? உன்னையா?"

"செல்லை."

அவர் சிரிப்பை அடக்கியது நன்றாகத் தெரிந்தது. "சரி, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிடு."

"ஸ்பிரிட்டும் கரைப்பான்தானே. அப்ப அந்தத் தட்டுக்கு ரெண்டு தடவை வேற மாதிரி ஆயிடும்."

"அப்ப அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுடு."

"அதுதான் ஆறுலயே அழகான தட்டு."

"நீ ஓவரா திங்க் பண்ற" என்றார். அது உண்மைதான். ஆனால் அதிகம் யோசிக்கத்தானே எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை மகளை விடப் போனேன். முன் அறையில் நாலு குழந்தைகளும் தரையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தன. நாலு கன்னத்திலும் கறுப்புப் பொட்டு. இரட்டையரின் வெள்ளைக் கன்னத்தில் அது இரண்டு மடங்கு கறுப்பாகத் தெரிந்தது. என் மகளை வாங்கியதும் அக்கா ஒரு கையால் அவள் மேல்சட்டையைக் கழற்றி, மறு கையால் அவளுக்கும் ஒன்று வைத்தார். முகத்துக்குப் பூசும் கறுப்புப் பென்சில், குழந்தைகளுக்கென்றே கடையில் விற்பது. கண்மையில் ஈயம் இருக்குமோ என்று நான் பயந்ததால் மாற்றியது.

"எல்லாருக்குமா அக்கா வைக்கிறீங்க?"

"இப்பத்தான் கண்டனீரோ? கனநாளா வைக்கிறன். பின்னேரம் கழுவிப்போட்டுத்தான் அனுப்பிறது. முதலிலை உம்மடை பிள்ளைக்கு மட்டும்தான் வைச்சனான். பிறகு இரட்டையிலை ஒண்டு வந்து கன்னத்தை நீட்டிக்கொண்டு நிண்டுது. அதுக்கு வைச்சா மற்றது அழுது. சரியெண்டு எல்லாத்துக்கும் வைச்சாச்சு."

"அவங்க அப்பா அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"தேப்பன் கேட்டவர். ஆரும் வடிவு எண்டு சொன்னா நாவூறு படும், அதுக்கு எண்டு சொன்னன். அப்ப தனக்கும் ஒண்டு வைக்கச் சொன்னார்."

"வச்சீங்களா?"

"அவருக்குத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

நான் சிரித்த சிரிப்பில் ஐந்து குழந்தைகளும் சேர்ந்து சிரித்தன. ஏனென்று அவற்றுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கண் படும் என்போம். அக்கா ஊரில் நா படும். என் தட்டுக்கு நேர்ந்தது இரண்டாவது வகை என்று டிராமில் போகும்போது நினைத்துக்கொண்டேன். டிராம் கதவருகே நின்றவாறே முடிவும் எடுத்துவிட்டேன். ஒன்றுக்கு வைத்தால் எல்லாவற்றுக்கும்.

ஆய்வகத்தில் மீதி ஐந்து தட்டுகளையும் எடுத்து, அதே மார்க்கரால், அதே மூலையில், அதே அளவில் பொட்டு வைத்தேன். ஐந்தாவதை வைக்கும்போது பின்னால் உதவியாளர் நின்றார்.

"இது என்ன?"

பொய் சொல்ல எனக்கு வராது, வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ஊரில், அளவுக்கு மேல் அழகாக இருக்கும் ஒன்றை யாராவது புகழ்ந்தால், அதற்கு ஒரு குறை இருப்பதுபோலக் காட்ட ஒரு கறுப்புப் பொட்டு வைப்போம், குழந்தைகளுக்குத்தான் வைப்பது, நேற்று தவறிப்போய் ஒரு தட்டுக்கு வைத்துவிட்டேன், இப்போது எல்லாவற்றையும் சமமாக்குகிறேன் என்றேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறவே இல்லை.

"நான் புகழ்ந்ததாலா?"

"ஆமாம். மன்னிக்கணும்."

"நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்? சொன்னது நான். சொன்ன உடனே மரத்தைத் தட்டியிருக்க வேண்டும்."

இங்கே அப்படி ஒரு பழக்கம். நன்றாகப் போகும் ஒன்றைப் பற்றிப் பேசினால் "டோய் டோய் டோய்" என்று சொல்லி மரத்தில் விரல் முட்டியால் தட்டுவார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். எங்கள் ஆய்வகத்தில் எல்லாம் எஃகு, கண்ணாடி, பிளாஸ்டிக். மேசைகூட மரம் இல்லை. இழுப்பறைகளைத் திறந்தார், மூடினார். கடைசியில் மேல் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதில் மும்முறை தட்டினார்.

"ஒரு நாள் தாமதம். பரவாயில்லையா?"

"எங்க ஊர்லயும் தாமதமா வைப்பாங்க" என்றேன். உண்மையா என்று தெரியாது.

"பொட்டு வைத்ததைப் பதிவு பண்ணிவிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். "என்ன செய்தாய் என்று எழுது. ஏன் என்று எழுத வேண்டாம்."

அடுத்த வாரம் அவர் தட்டுகளுக்குச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தார். அதற்கடுத்து நான் சர்க்கரை கொடுத்து, செல்கள் வெளியே விட்டதை எடுத்து, தட்டுக்கு ஒரு வரிசையாக நிறம் மாறும் சோதனைக்கு வைத்தேன். இன்சுலின் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மஞ்சள் ஏறும். முதலில் நீலமாக வரும், அமிலம் விட்டதும் சட்டென்று மஞ்சளாகத் திரும்பும். நூறு தடவை பார்த்திருந்தாலும் அந்த நொடி எனக்குப் பிடிக்கும்.

திரும்பியது. மூன்று வரிசை நல்ல மஞ்சள், அரைத்த மஞ்சளைத் தண்ணீரில் கரைத்ததுபோல. மூன்று வரிசை வெளிறிப்போய் எலுமிச்சைச் சாறு நிறம். மங்கலாக நடுவில் எதுவும் இல்லை.

ஆனால் எந்த வரிசை எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் சாப்பிடப் போயிருந்தார். எச்.டி.எல். பெற்றவைதாம் வெளிறியவையாக இருந்தால்? ஒன்று மட்டும் மாறி விழுந்திருந்தால்? அப்போது எந்தக் காரணத்தைச் சொல்வேன்? உணவகம் இரண்டு கட்டடம் தள்ளி. ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். சாப்பிடும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று நின்றேன், பிறகு கதவுவரை போனேன், மறுபடி வந்தேன்.

அவர் கையில் ஓர் ஆப்பிளோடு வந்தார். வரிசைகளைக் குனிந்து பார்த்தார். தட்டுகளின் எண்களை நான் மறைத்து வைத்திருந்த காகிதத்தை நீக்கச் சொன்னார். பிறகு ஆப்பிளைப் பிடித்த விரலாலேயே காட்டினார்.

"இது. இது. இதுவும்."

மூன்றும் மஞ்சள் வரிசைகள்.

நான் அழவில்லை. அழுதேன் என்று அவர் இப்போதும் சொல்கிறார். "ரொம்ப" என்று ஏதோ பாராட்டத் தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டு, பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தார். இருவரும் மாறி மாறித் தட்டினோம். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் உள்ளே வந்தார். பென்சிலைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. வரிசைகளைப் பார்த்துவிட்டு, "அத்தியாயத்தை எழுதுங்கள்" என்றார்.

மகளைக் கூப்பிடப் போனபோது மாடிப்படி அடியில் ஒரு வண்டிகூட இல்லை. அக்கா கதவைத் திறந்தார்.

"மூண்டாம் மாடி அண்ணை வேலை செய்தவரோ?"

"எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டாருக்கா."

"எனக்குத் தெரியும். உள்ளை வாரும். இனிப்புத் தரமாட்டன், உமக்குச் சீனிப் பயம். ரோல்ஸ் பொரிச்சனான்."

"எண்ணெய்..."

"அதை அண்ணை பாத்துக்கொள்ளுவார்."

இரண்டு தின்றேன். மகள் என் மடியில் ஏறி, என் கன்னத்தைத் தன் கன்னத்தோடு தேய்த்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் பாதிப் பொட்டு ஒட்டியிருந்தது.

குழியில் இருக்கும் எலிச் செல்லில் நடப்பது என் உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று அர்த்தமில்லை. அதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். இந்த வருடப் பரிசோதனையில் சர்க்கரை சரியாக இருந்தது. எச்.டி.எல். இன்னும் குறைவுதான். சைக்கிளில் ஆய்வகத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன், மழை இல்லாத நாட்களில்.

இப்போது அத்தியாயத்தின் செய்முறைப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறொரு ஊரில், முன்பின் அறியாத ஒருவர் படித்துவிட்டு அப்படியே செய்து பார்க்க முடிய வேண்டும், செய்தது எதையும் விடக் கூடாது என்பதுதான் அதற்கு விதி. எந்தச் செல், எத்தனை மணி நேரம், என்ன சூடு, எல்லாம் எழுதிவிட்டேன். மூடியின் மூலையில் வைத்த புள்ளிக்கு வரும்போது கை நிற்கிறது. விடுப்புக்கு முன் பொட்டில்லாமலே நல்ல முடிவு வந்திருக்கிறது, எனவே அதற்கு இதில் பங்கில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்போது யாரும் புகழவில்லையே என்று இன்னொரு குரல் சொல்கிறது. காரணமா, கூட வந்ததா என்று பிரித்துச் சொல்லத்தான் இத்தனை வருடம் படித்தேன்.

எழுது என்கிறார் உதவியாளர். தேர்வாளர்கள் சிரிப்பார்கள், வேண்டாம் என்கிறார் கணவர். எழுதினால் நாலு பேர் வாசித்துப் புகழ்வார்கள், அதுவே நாவூறு என்கிறார் அக்கா. மூன்று பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. இதை வாசிக்கும் உங்களில் ஆய்வகத்தில் இருப்பவர்கள் இருக்கலாம், பிள்ளை வளர்ப்பவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். இந்த மாத முடிவுக்குள் நான் அதைக் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு வரியை எழுதட்டுமா, விட்டுவிடட்டுமா? எழுதுவதானால் அந்தப் புள்ளியை என்னவென்று எழுதுவது? உங்களுக்குத் தோன்றுவதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.